காய் நகர்த்தவும் காசு!

*குழந்தைகள் செஸ் சாம்பியன்ஷிப்கள் ஆடுகிறவர்களுக்காகவா, கல்லாப்பெட்டிக்காகவா? அம்பத்தூர் – ஆவடி – பூந்தமல்லி வட்டாரப் பெற்றோர் கேட்கத் தொடங்கியிருக்கும் கேள்வி*

ஞாயிறு காலை எட்டே முக்கால். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு கல்யாண மண்டபம். முந்தின இரவு ரிசப்ஷனில் உதிர்ந்த ரோஜா இதழ்கள் படிக்கட்டு ஓரம் இன்னும் கிடக்கின்றன. மணமக்கள் பெயர்ப் பலகையை மறைத்துக்கொண்டு செஸ் டோர்னமென்ட் ஃப்ளெக்ஸ் ஏறியிருக்கிறது. பந்தி மேசைகளில் வாழையிலை விரிக்கிற இடத்தில் பச்சைக் கட்டம் போட்ட ரெக்சின் போர்டுகள். உட்கார்ந்தால் மேசை எட்டாத ஒரு பொடியன் நாற்காலியில் மண்டிபோட்டு, ராஜாவைக் கட்டத்துக்கு நட்டநடுவில் நிறுத்துவதிலேயே குறியாக இருக்கிறான். எதிரே இரட்டைப் பின்னல் போட்ட சிறுமி. அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

யார் யாரோடு ஆட வேண்டும் என்று சுவரில் ஒட்டிய பேரிங் தாளை அப்பாக்கள் மொய்க்கிறார்கள். இணையத்திலேயே பார்க்கலாம்தான், ஆனால் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் தட்டினால் நெட்வொர்க் என்ன செய்யும்? கையைத் தலைக்கு மேல் தூக்கி போட்டோ எடுத்து, பெரிதாக்கி, பெயரைத் தேடுகிறார்கள். “தண்ணி குடிச்சிட்டியா? டாய்லெட் போயிட்டு வந்துடு கண்ணா, ரவுண்டு ஆரம்பிச்சா விட மாட்டாங்க” என்று ஓர் அம்மா விரட்டுகிறார். பேரன்ட்ஸ் எல்லாரும் ஹாலை விட்டு வெளியே போங்க என்று மைக்கில் ஆர்பிட்டர் எனப்படும் நடுவர் கெஞ்சுகிறார், அதட்டுகிறார், கடைசியில் கதவை இழுத்துச் சாத்துகிறார்.

உள்ளே சிசிலியன். வெளியே சில்லறைக் கணக்கு. பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்த பெற்றோரின் பேச்சு ஓப்பனிங்கைப் பற்றியதல்ல. இன்றைக்குக் கட்டிய என்ட்ரி ஃபீ, அடுத்த ஞாயிறு பூந்தமல்லியில் ரேட்டட் ரேபிட், அதற்குப் பிறகு மாவட்ட செலக்‌ஷன், நடுவில் கோச்சிங் ஃபீஸ். யாராவது ஒருவர் உள்ளே இருக்கும் தலைகளை எண்ணி, கட்டணத்தால் பெருக்கி, வந்த தொகையைச் சத்தமாகச் சொல்லிவிடுகிறார். உடனே பேச்சு சூடு பிடிக்கிறது. இவ்வளவு பணமும் எங்கே போகிறது?

செஸ் தலைநகரின் மேற்கு வாசல்

இந்தக் கேள்வி இந்த வட்டாரத்தில் எழுவதற்குக் காரணம் இருக்கிறது. அக்கா வைஷாலி, தம்பி பிரக்ஞானந்தா இருவரும் பாடியில் வளர்ந்தவர்கள். உலகிலேயே இருவரும் கிராண்ட்மாஸ்டர்களான முதல் அக்கா – தம்பி. அங்கிருந்து சற்றுத் தள்ளி மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளி; குகேஷ் படித்த இடம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5 – 6.5 என்று வென்று, 18 வயதில் அவர் உலக சாம்பியன் ஆனார். அதற்குப் பிறகு பாடி, கொரட்டூர், முகப்பேர், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி என்று எங்கே திரும்பினாலும் ஒரு செஸ் அகாடமி. டியூஷன் சென்டரின் மாடியில், அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில், பாட்டு கிளாஸுக்கும் கராத்தே கிளாஸுக்கும் நடுவில் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில்.

முன்பு நிலைமை வேறு. மானுவல் ஆரோன் 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனபோது செஸ் என்பது ஓய்வு நேரத்துக்காரர்களின் ஆட்டம். 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் மிகயில் தால் செஸ் கிளப் தொடங்கியது. சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அங்கேதான் பிளிட்ஸ் ஆடிப் பழகினார். வென்றவர் உட்கார்ந்திருக்கலாம், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்பதுதான் அங்கிருந்த வழக்கம். கோப்பை, மெடல், ‘பெஸ்ட் அகாடமி’ விருது எல்லாம் பின்னால் வந்த சங்கதிகள்.

■ பெட்டி: அரசு வைத்த பந்தயம்

2013: ஆனந்த் – கார்ல்சன் உலக சாம்பியன்ஷிப், சென்னை. தமிழக அரசு ஒதுக்கியது 29 கோடி ரூபாய்.
2022: மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட். அரசு அறிவித்த ஒதுக்கீடு சுமார் 92 கோடி.
2023 டிசம்பர்: சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ். பரிசுத் தொகை 50 லட்சம். இதில் வென்றதுதான் குகேஷுக்கு கேண்டிடேட்ஸ் போட்டியின் கதவைத் திறந்தது.
2024 டிசம்பர்: உலக சாம்பியன் குகேஷுக்கு அரசின் பரிசு 5 கோடி.

பெயர் ஒன்று, போட்டி இரண்டு

வாட்ஸ்அப்பில் வருகிற எல்லா சர்க்குலரிலும் ‘சாம்பியன்ஷிப்’ என்றுதான் போட்டிருக்கும். உண்மையில் இவை இரண்டு ஜாதி.

முதலாவது, ஓப்பன் டோர்னமென்ட். அகாடமி நடத்தும், பள்ளி நடத்தும், ரோட்டரி சங்கம் நடத்தும், அட்மிஷன் சீசன் நெருங்கினால் பொறியியல் கல்லூரியும் நடத்தும். பிடித்தால் போகலாம், இல்லையென்றால் அந்த ஞாயிறு வீட்டில் பிரியாணி சமைக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

இரண்டாவது, செஸ் சங்கம் நடத்தும் செலக்‌ஷன். மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலம், மாநிலத்தில் ஜெயித்தால் நேஷனல்ஸ், நேஷனல்ஸில் ஜெயித்தால் ஆசிய, உலக யூத் போட்டிகள். ஏணி ஒன்றுதான். திருவள்ளூர் மாவட்டத்துக் குழந்தை தனக்குப் பிடித்த வேறொரு சங்கத்தின் வழியாக மாநிலப் போட்டிக்குப் போய்விட முடியாது. வானகரம் சுங்கச்சாவடி பிடிக்கவில்லையென்றால் பூந்தமல்லி சாலை வழியாகச் சுற்றிக்கொண்டாவது போகலாம். இங்கே சர்வீஸ் ரோடே கிடையாது.

‘சாம்பியன்ஷிப் நடத்திச் சம்பாதிக்கலாமா’ என்ற விவாதம் பாதி நேரம் வீணாகப் போவது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான். ஓப்பன் டோர்னமென்ட் நடத்துகிறவர் லாபம் பார்த்தால் அது அவர் திறமை. அவர் காசு போட்டு ஹால் பிடிக்கிறார், கூட்டம் வரவில்லையென்றால் கை கடிப்பதும் அவருக்குத்தான். ஆனால் வேறு வழியில்லாத ஒரு வாசலில் நின்றுகொண்டு வாங்கும் கட்டணத்துக்குத் திறமை என்று பெயரில்லை.

■ பெட்டி: ஒரு ஞாயிறின் வரவு செலவு (உதாரணக் கணக்கு)

300 குழந்தைகள், தலைக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரவு 1,80,000. மண்டப வாடகை 40,000; பத்து ஆர்பிட்டர்களுக்குத் தலா 2,000; எண்பது கோப்பைகள் 20,000; எல்லாக் குழந்தைகளுக்கும் மெடல் 12,000; ஃப்ளெக்ஸ், சான்றிதழ், தண்ணீர், சாப்பாடு 25,000. மொத்தச் செலவு 1,17,000. மிச்சம் 63,000.

அதே போட்டிக்கு 150 பேர்தான் வந்தார்கள் என்றால்? வரவு 90,000. ஆர்பிட்டர் ஆறு பேர் போதும், மெடல் பாதி, இதர செலவு 18,000. ஆனால் மண்டபமும் கோப்பையும் குறையாது. செலவு 96,000. கையிலிருந்து 6,000 போகும்.

நடத்துகிறவர் பக்கம்

மேலே உள்ள கணக்கில் இரண்டாவது பத்தியைத்தான் அமைப்பாளர்கள் காட்டுவார்கள். நியாயம்தான். மழை பெய்தால் கூட்டம் வராது. பரீட்சை வந்தால் வராது. அதே ஞாயிறு இன்னொரு பெரிய டோர்னமென்ட் இருந்தால் வராது. மண்டபத்துக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டார். அதனால்தான் எல்லா சர்க்குலரின் அடியிலும் என்ட்ரி ஃபீ திருப்பித் தரப்படாது, கடைசித் தேதிக்குப் பின் லேட் ஃபீ, அமைப்பாளர் முடிவே இறுதியானது என்ற மூன்று வரிகளும் மாறாமல் இருக்கின்றன.

சங்கத்து ஆட்களுக்கும் ஒரு வாதம் உண்டு. பெரும்பாலான மாவட்டச் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறுகளைக் குடும்பத்திடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து நிற்கிறவர்கள். இந்தப் போட்டியில் நாலு காசு மிஞ்சினால்தான் மாநிலப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு டீ-ஷர்ட், கேம்ப், டிக்கெட் என்று ஏதாவது செய்ய முடியும் என்கிறார்கள். ஸ்பான்சர் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிரிக்கெட் என்றால் நகைக்கடைக்காரர் வருவார். பத்து வயதுக்குட்பட்டோர் செஸ்ஸுக்கு யார் வருவார்?

கட்டணம் வாங்கும் ஓப்பன்கள் நல்லது செய்ததற்கு ஆதாரமும் இருக்கிறது. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று நார்ம், 2500 ரேட்டிங் வேண்டும். வலுவான எதிராளிகள் உள்ள போட்டியில் கிராண்ட்மாஸ்டர் தரத்தில் ஆடினால்தான் நார்ம். ஒரு காலத்தில் அதற்காகவே நம் பிள்ளைகள் ஐரோப்பாவுக்கு விமானம் ஏறினார்கள். பிரக்ஞானந்தா தன் மூன்று நார்ம்களையும் இத்தாலியிலும் கிரீஸிலும்தான் முடித்தார். குகேஷோ 2019 ஜனவரியில் டெல்லி ஓப்பனில், 12 வயது 7 மாதம் 17 நாளில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இப்படிப்பட்ட ஓப்பன்களில் கிராண்ட்மாஸ்டர்களுக்கு என்ட்ரி ஃபீ கிடையாது. தங்குமிடம் தந்தே அழைப்பார்கள். அந்தச் செலவில் பெரும் பங்கைத் தாங்குவது கீழ்ப் பிரிவுகளில் கட்டணம் கட்டி ஆடும் நூற்றுக்கணக்கான அமெச்சூர்கள். டெல்லி, சென்னை ஓப்பன்கள் இல்லாவிட்டால் இத்தனை கிராண்ட்மாஸ்டர்கள் இத்தனை சீக்கிரம் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஆகவே, பணம் வாங்குவதே பாவம் என்ற பேச்சுக்கு நாம் போக வேண்டியதில்லை.

உறுப்பினர் யார்?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘சங்கம் உறுப்பினர்களுக்குச் சேவை செய்ய வேண்டும்’ என்கிறோம். யார் அந்த உறுப்பினர்?

அகில இந்திய செஸ் சம்மேளனத்தின் உறுப்பினர்கள் மாநிலச் சங்கங்கள். மாநிலச் சங்கத்தின் உறுப்பினர்கள் மாவட்டச் சங்கங்கள். மாவட்டச் சங்கத்தில் பொதுவாகக் கிளப்புகளும் ஆயுட்கால உறுப்பினர்களும். மண்டபத்தில் மண்டிபோட்டு ஆடுகிற பொடியன் இந்த அடுக்கில் எங்கேயும் இல்லை. அவன் பதிவு செய்துகொண்ட ஆட்டக்காரன், அவ்வளவுதான். கட்டணம் அவனுடையது, ஓட்டு வேறொருவருடையது. அவனுடைய அப்பா பொதுக்குழுவுக்குப் போய் போன வருஷக் கணக்கைக் கேட்க முடியாது. கூட்டம் எப்போது நடந்தது என்பதே அவருக்குத் தெரியாது.

பழைய கம்பெனி விளையாட்டில் இந்தக் குழப்பம் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட் ஆலைகளிலும் ஆவடி டேங்க் ஃபேக்டரியிலும் தொழிலாளி சந்தா கட்டினார், ரெக்ரியேஷன் கிளப்பில் ஓட்டுப் போட்டார், அவரே கேரம் ஆடினார். கட்டியவர், ஆடியவர், கேள்வி கேட்டவர் மூவரும் ஒரே ஆள். இன்றைய குழந்தைகள் விளையாட்டில் கட்டுகிறவர் பெற்றோர், ஆடுகிறது பிள்ளை, தீர்மானிக்கிறது இருவருமல்லாத மூன்றாவது ஒருவர். செஸ் மட்டுமல்ல, ஸ்கேட்டிங், சிலம்பம், கராத்தே எதை எடுத்தாலும் இதே கதைதான்.

சான்றிதழுக்கு ஒரு விலை

பொழுதுபோக்குதானே, வசதியில்லையென்றால் விட்டுவிடலாமே என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் விளையாட்டுச் சான்றிதழ் வெறும் காகிதமில்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். எம்.பி.பி.எஸ். படிப்பில் 7 இடங்கள். அரசு, பொதுத்துறை வேலைகளில் 3 சதவீத ஒதுக்கீடு. இதற்கெல்லாம் கல்யாண மண்டபத்து ஞாயிறு மெடல் செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட மாநில, தேசிய, சர்வதேசப் போட்டிகளின் சான்றிதழ் வேண்டும். அதைத் தருகிற ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பது சங்கம். ஒரு தனியார் அமைப்பின் கையெழுத்துக்கு அரசு இவ்வளவு மதிப்புக் கொடுத்திருக்கும்போது, அந்தக் கையெழுத்துக்குப் போகிற பாதையில் யார் எவ்வளவு வசூலிக்கிறார்கள் என்று பார்ப்பதும் அரசின் வேலைதான்.

அடுத்தது ‘ஸ்பெஷல் என்ட்ரி’. சிலர் ‘டோனர் என்ட்ரி’ என்பார்கள். மாநிலம் தேர்ந்தெடுத்து அனுப்பும் பிள்ளைகள் போக, தேர்வாகாதவர்களும் கூடுதல் கட்டணம் கட்டி நேஷனல்ஸில் ஆடலாம். கேட்டவுடன் கோபம் வரும்: காசு இருந்தால் நேஷனல்ஸா?

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நாட்டின் கிராண்ட்மாஸ்டர்களில் 30-க்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். இங்கே வயதுப் பிரிவில் ஐந்தாவதாக வரும் பிள்ளை, வேறு சில மாநிலங்களில் கண்ணை மூடிக்கொண்டு முதலிடம் வாங்கும். ஒதுக்கீடு எல்லா மாநிலங்களுக்கும் ஒரே மாதிரி என்றால் அடிபடுவது நம் பிள்ளைதான். ஸ்பெஷல் என்ட்ரி அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு ஜன்னல். ஜன்னலை மூடச் சொல்வது தவறு. அதன் வழியாக யார் நுழையலாம் என்பதைப் பணப்பை முடிவு செய்வதுதான் தவறு. ரேட்டிங் இவ்வளவுக்கு மேல் இருந்தால் சாதாரணக் கட்டணத்தில் அனுமதி என்று வைத்தால் போயிற்று. செய்வதில்லை, ஏனென்றால் கட்டணம் கட்ட வரிசை நிற்கிறது.

சத்தமில்லாமல் விலகுகிறவர்கள்

எஸ்டேட்டில் லேத் ஓட்டும் ஓர் அப்பாவுக்கு மாதம் பதினெட்டாயிரம் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். பட்டாபிராமில் வாடகை வீடு. பிள்ளை பள்ளி அளவில் நன்றாக ஆடுகிறது. டீச்சர் சொல்லித்தான் முதல் டோர்னமென்டுக்கு வருகிறார்கள். தோற்றாலும் மெடல் கிடைக்கிறது, சந்தோஷம். அடுத்து ரேட்டிங் வாங்கச் சொல்கிறார்கள். ரேட்டிங் உள்ள எதிராளிகளுடன் ஐந்து ஆட்டமாவது ஆடி, அதில் பாயின்ட் எடுத்தால்தான் பெயர் பட்டியலில் ஏறும். அதற்கு ரேட்டட் டோர்னமென்ட். கட்டணம் ஆயிரத்தைத் தாண்டும். மூன்று நாள், நான்கு நாள் நடக்கும். கூடப் போக அப்பா லீவு போட வேண்டும். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். 2024 மார்ச்சில் உலக செஸ் சம்மேளனம் குறைந்தபட்ச ரேட்டிங்கை 1000-லிருந்து 1400 ஆக உயர்த்தியது. கணக்கைச் சீர்செய்ய எடுத்த முடிவு. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் ஏணியின் முதல் படி இன்னும் கொஞ்சம் மேலே போனது என்னவோ உண்மை.

ஒருவேளை பிள்ளை மாநிலத்தில் ஜெயித்தே விடுகிறது என்று வையுங்கள். நேஷனல்ஸ் எங்கோ ஒரு வடமாநில ஊரில். 9 அல்லது 11 ரவுண்ட். ஒரு வாரத்துக்கு மேல். ரயில், அறை, சாப்பாடு, கூடப் போகும் பெரியவர் செலவு எல்லாம் பெரும்பாலும் வீட்டுக் கணக்கில்தான். உலக யூத் போட்டி என்றால் ஒரு நாட்டிலிருந்து ஒரு பிரிவுக்கு ஒருவர்தான் அதிகாரபூர்வ விருந்தினர். மற்றவர்கள் அமைப்பாளர் சொல்லும் ஹோட்டலில், அமைப்பாளர் சொல்லும் விலையில் தங்க வேண்டும்.

குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை அறுவை சிகிச்சை நிபுணர். அம்மா நுண்ணுயிரியல் வல்லுநர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காக அப்பா தன் பிராக்டிஸை நிறுத்திவைத்தார்; ஒரு கட்டத்தில் நண்பர்கள் பணம் கொடுத்து உதவினார்கள். டாக்டர் வீட்டுக்கே அந்த நிலை என்றால் லேத் ஆபரேட்டர் வீட்டில் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. ஒரு ஞாயிறு அவர்கள் வரமாட்டார்கள். அடுத்த ஞாயிறும் வரமாட்டார்கள். பேரிங் தாளில் ஒரு பெயர் குறைந்ததை யாரும் கவனிக்கப்போவதில்லை. பெண் பிள்ளை என்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வெளியூர், ஹோட்டல், ‘யார் கூடப் போவது’ என்ற மூன்று சொற்கள் போதும்.

பெற்றோரையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோப்பை இருபத்தைந்து பேருக்கு என்றால் கூட்டம் கூடுகிறது. ஐந்து பேருக்கு என்றால் அமைப்பாளரைத் திட்டுகிறோம். வெறுங்கையோடு திரும்பினால் பிள்ளை அழும் என்பது ஒரு காரணம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் காலியாக இருக்கும் என்பது இன்னொரு காரணம். பிளாஸ்டிக் கோப்பைக்கான காசு நம் பையிலிருந்துதான் போகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்னொரு சங்கடம்: கோச்சே அமைப்பாளராக இருப்பது. தன் அகாடமி பிள்ளைகள் ஆடும் போட்டியைத் தானே நடத்துகிறார். ‘பெஸ்ட் அகாடமி’ விருதும் அங்கேயே. சங்கப் பொறுப்பும் அவரிடமே இருந்தால் கேட்கவே வேண்டாம். பலர் நேர்மையாகத்தான் நடத்துகிறார்கள். நேர்மைக்கு அவர்களுடைய சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை என்பதுதான் குறை.

கோர்ட் என்ன சொன்னது?

‘நாங்கள் லாப நோக்கமில்லாத சங்கம்’ என்பது வழக்கமான பதில். அந்தப் பதில் சட்டத்தின் முன்னால் முழுதாகச் செல்லுபடியாகவில்லை. அப்போது சென்னை நேரு ஸ்டேடியத்தில் தலைமையகம் வைத்திருந்த அகில இந்திய செஸ் சம்மேளனம், தன் அனுமதியில்லாத போட்டிகளில் ஆடுவதற்கு ஆட்டக்காரர்களுக்குத் தடை போட்டிருந்தது. ஆட்டக்காரர்கள் வழக்காடினார்கள். சம்மேளனம் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று 2018 ஜூலையில் இந்தியப் போட்டி ஆணையம் தீர்ப்புச் சொல்லி, 6.92 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. லாபம் பார்க்கிறதா இல்லையா என்பது பொருட்டல்ல. போட்டி நடத்திக் கட்டணம் வாங்குவது பொருளாதார நடவடிக்கை என்பதுதான் அதன் அடிப்படை.

கிரிக்கெட்டில் இதே கேள்வி கோடிகளில் வந்தது. ஐ.பி.எல். வருமானத்தைக் காரணம் காட்டி தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் அறநிறுவனப் பதிவை வருமான வரித் துறை ரத்து செய்தது. 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மாநில கிரிக்கெட் சங்கங்களின் வருமானம் வணிக வகையைச் சேர்ந்ததா என்று புதிதாக ஆராயும்படி வரித் துறைக்கே விஷயத்தைத் திருப்பி அனுப்பியது. சேவையா, வியாபாரமா என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒரே வரியில் முடித்துவிட முடியாத விவகாரம் இது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. தேசிய சம்மேளனங்களுக்கு மேல் ஒரு வாரியம், தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம், செயற்குழுவில் வீரர்களுக்கும் பெண்களுக்கும் இடம். நல்ல சட்டம்தான். டெல்லியிலிருந்து புறப்பட்ட சட்டம் ஆவடி கல்யாண மண்டபத்துக்கு வந்து சேர எத்தனை வருஷம் ஆகுமோ?

■ பெட்டி: கையில் இருக்கும் சட்டம்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. பதிவு பெற்ற சங்கம் எதுவானாலும் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். கணக்கைத் தணிக்கை செய்து மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஐம்பது ஆண்டுப் பழைய இந்தச் சட்டமே போதும், பயன்படுத்தினால்.

இலவசம் மட்டும் போதாது

அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பையில் கட்டணம் இல்லை. செஸ்ஸும் உண்டு. 2024-ல் மொத்தப் பரிசுத் தொகை 37 கோடி. தனிநபர் பிரிவில் மாநில முதலிடத்துக்கு ஒரு லட்சம். பள்ளிக் கல்வித் துறையின் குறுவட்டப் போட்டிகளும் இருக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இவைதான் முதல் மேடை. ஆனால் இங்கே ஜெயித்தவர் சம்மேளனத்தின் நேஷனல்ஸுக்கு நேரே போய்விட முடியாது. ஏணி அங்கே, மேடை இங்கே. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் போட்டால், அதாவது முதலமைச்சர் கோப்பையில் மாவட்ட அளவில் வென்ற பிள்ளைக்கு மாநில செலக்‌ஷனில் கட்டணமில்லா இடம் என்று வைத்தால், அரசுக்கும் சங்கத்துக்கும் அதிகச் செலவில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கேயும் பள்ளிக் குழந்தைகள் செஸ் பெரிய பணம்தான். 2017-ல் நாஷ்வில் நகரில் நடந்த சூப்பர்நேஷனல்ஸில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆடினார்கள், எல்லாரும் கட்டணம் கட்டித்தான். ஆனால் அங்கே உறுப்பினர் கட்டணம் கட்டிய தனி ஆள்தான் உறுப்பினர். வயது வந்தவருக்குத் தேர்தலில் ஓட்டு உண்டு. அமெரிக்க செஸ் சம்மேளனம் வரிவிலக்குப் பெற்ற அமைப்பு என்பதால் ஆண்டு வரவு செலவையும், முக்கிய நிர்வாகிகளின் சம்பளத்தையும்கூட யாரும் எடுத்துப் பார்க்கலாம். சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு என்று சொல்லிவிட்டுச் சம்பாதிக்கிறார்கள்.

நம் கட்சி எது?

ஓப்பன் டோர்னமென்டுகளை விட்டுவிடுங்கள். சந்தை பார்த்துக்கொள்ளும். மோசமாக நடத்துகிறவரிடம் அடுத்த முறை கூட்டம் போகாது.

செலக்‌ஷன் போட்டிகளில் லாபம் கூடாது. ஹால், ஆர்பிட்டர், சான்றிதழ், சங்கங்களுக்குக் கட்ட வேண்டியது ஆகியவற்றுக்கான அடக்கவிலைதான் கட்டணமாக இருக்க வேண்டும். கோப்பைகளைக் குறைக்கலாம், செலக்‌ஷனுக்குப் பரிசே அடுத்த கட்டத்துக்கான இடம்தான். பத்தில் ஓர் இடம் கட்டணமில்லாமல், அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரின் கடிதம் இருந்தால் போதும் என்று ஒதுக்கலாம். மிச்சம் வந்தால் அது எங்கே போகிறது என்று எழுதி ஒட்டலாம். ஸ்பெஷல் என்ட்ரியில் வரும் கூடுதல் பணம், தேர்வான பிள்ளைகளின் ரயில் டிக்கெட்டாக மாறலாம். பெற்றோர் பிரதிநிதி இருவருக்குச் சங்கச் செயற்குழுவில் நாற்காலி போடலாம். ஓட்டு இல்லாவிட்டாலும் காதாவது இருக்கும்.

இவற்றில் எதற்கும் கோடிகள் வேண்டாம். பேரிங் தாள் ஒட்டுகிற அதே சுவரில் இன்னொரு தாள் ஒட்டினால் போதும்: இத்தனை பேர் வந்தார்கள், இவ்வளவு வசூல், இவ்வளவு செலவு, மிச்சம் இவ்வளவு.

அடுத்த மாவட்ட செலக்‌ஷன் சர்க்குலர் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும்போது, க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்வதற்கு முன், போன வருஷக் கணக்கை அனுப்பச் சொல்லி அதே குரூப்பில் ஒரு வரி போடுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், நாலு பெற்றோராகச் சேர்ந்து மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள்.